பொழி

தலையணை உறையில் மஞ்சளாய் ஒரு வட்டம்.
ஷைனி அதைத் துவைத்துத் துவைத்து
பிறகு துவைப்பதை நிறுத்திவிட்டாள்.
மீன்வாடை எனக்குப் பழக்கம். இது வேறு.
உள்ளே எதையோ மறந்து வைத்துவிட்டுப்
பூட்டிப் போன வீட்டின் வாடை.

பூண்டு போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய்,
கோழியிறகு, தீக்குச்சி,
குளச்சல் மருந்துக்கடைக்காரன்
முகம் பார்க்காமல் நீட்டிய மாத்திரை.
வலது காது எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு
பதில் சொல்லாமல் ஒழுகியது.

சிப்பிக்குப் பருவம் என்றால் பருவம்.
கடியபட்டணத்துப் பாறைக்குக்
காதுவலி தெரியாது.
பஞ்சில் மெழுகு உருட்டி அடைத்துக்கொண்டு
நானும் ததேயூஸும் இறங்கினோம்.
மூன்று பாகம் ஆழம்.
குளிர்ந்த நீர் மெழுகைத் தாண்டி
நுழையக் கூடாத ஓரிடத்தில் நுழைந்தது.

கடல் சுழன்றது.
சுழன்றது கடல் அல்ல என்று
எனக்குத் தெரியும், கடலுக்கும் தெரியும்.
பாறை தலைக்கு மேலே தொங்கியது.
கைவிட்ட உளி
பக்கவாட்டில் விழுந்துகொண்டே போனது.
வாயைத் திறந்து கொஞ்சம் மூச்சை விட்டேன்.
குமிழிகள் கால்பக்கமாய் ஓடின.
அப்படியானால் வானம் அங்கே.
உடம்பு முழுக்க இல்லை இல்லை என்றது.
நான் குமிழியை நம்பினேன்.

ஆசாரிபள்ளம் பெரியாஸ்பத்திரியில்
நூற்றுப் பதினேழாம் சீட்டு.
டாக்டர் ஹெப்சிபா காதுக்குள் கருவியை விட்டுத்
திரையில் காட்டினார்.
வேகவைக்காமல் பிளந்த சிப்பி.
அதே செம்மை, அதே ஈரம்,
நடுவில் ஓர் ஓட்டை.
"செவிப்பறை. முத்து நிறத்துல இருக்கணும்.
மூக்குக்குப் பின்னால இருந்து காதுக்கு
ஒரு சின்னக் குழாய் உண்டு.
சளி பிடிச்சு அது வீங்கி அடைபட்டா
உள்ள நீர் தேங்கும். தேங்கினது கெடும்.
கெட்டது வழி தேடும்."

"பொழி," என்றேன்.
"என்னது?"
மணக்குடியில் ஆறு கடலைச் சேரும் வாய்.
மணல் ஏறி அது அடைபட்டால்
தண்ணீர் பின்னாலேயே நின்று
தென்னந்தோப்பில் ஏறிப் பச்சையாகி நாறும்.
வெட்டிவிட ஆளில்லாவிட்டால்
தானே ஒரு பக்கம் உடைக்கும்.
அவர் பேனாவை மூடிவிட்டு
இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

வீக்கம் எதற்கு என்று கேட்டேன்.
உடம்பு உதவிக்கு ஓடிவருவது என்றார்.
சூடும் சிவப்பும் வலியும் அந்த ஓட்டம்தானாம்.
எங்கள் வள்ளம் கவிழ்ந்த அன்று
கரை முழுக்க ஓடிவந்தது.
காப்பாற்ற வந்த கால்களில்தான்
வலை மொத்தமும் கிழிந்தது.
யாரைத் திட்ட?

சொட்டுமருந்து. ஆறு வாரம்
தண்ணீர் படக் கூடாது, முங்கவே கூடாது.
அப்புறமும் ஓட்டை மூடாவிட்டால் ஆபரேஷன்.
அதுவரை எதைத் தின்ன என்று நான் கேட்கவில்லை.
அது காதுப் பிரிவில் வராது.

குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சு.
ததேயூஸ் வேறு ஆளோடு இறங்குகிறான்.
திரும்பும் வழியில் ஒரு கும்பா சிப்பி வைத்துவிட்டு
இடது பக்கமாய் வந்து பேசுவான்.
ஊரே இடது பக்கமாய்த்தான் பேசுகிறது.

ஷைனி மட்டும் வலது பக்கம் படுப்பாள்.
விளக்கணைந்த பின், கேட்காத காதில்
அவளுக்குப் பேச ஒரு பள்ளம் கிடைத்திருந்தது.
உதட்டின் காற்று மட்டும் தெரியும் எனக்கு.

இருபத்து மூன்றாம் நாள் ராத்திரி
சட்டியில் ஒற்றைப் பொரி வெடித்ததுபோல்
உள்ளே ஒரு சத்தம்.
பிறகு தூரத்து வள்ளத்தின் இயந்திரம்போலச்
சொற்கள் வரத் தொடங்கின.
"குழுவுக்கு ஆயிரத்து இருநூறு.
பால்காரிக்கு முந்நூற்று எண்பது.
கம்மல வைக்கலாம், இவியளுக்குத் தெரியண்டாம்.
மாதாவே, காது ஆறட்டு.
மெதுவா ஆறட்டு."

நான் அசையவில்லை.
முங்கும்போது பிடிப்பதுபோல்
மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

காலையில் கேட்டாள், "காது எப்பிடி?"
இடது காதை அவள் பக்கம் திருப்பி
"அப்படியேதான்," என்றேன்.